குவாமெனா அமிசாவின் செவ்வாய்க்கிழமைகள்

அக்ராவிலிருந்து வந்து மேடையில் அமர்ந்திருக்கும் துணை அமைச்சர் அவர்களே, அரசோடு கூட்டுச் சேர்ந்து நம் துறைமுகத்தை நடத்தும் நிறுவனத்தின் மேலாளர் அவர்களே, மீன் விற்கும் பெண்களின் தலைவி எஃபுவா மன்சா அவர்களே, துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்திக் கூடியிருக்கும் கரையூர் மக்களே, வணக்கம்.

துறைமுக ஒழுங்குமுறை ஆணையத் தலைவர் குவாமெனா அமிசா மறைந்துவிட்டார். அவருக்கு அடுத்த பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவள் நான். புகழ்ந்து பேச எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

தலைவரான புதிதில் அவர் ஒரு தவறு செய்தார். புதிய கப்பல் தளத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஒரு வியாழக்கிழமை வைத்தார். கரையிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஆட்சேபம் இல்லை என்று ஒப்புதல் கொடுத்தார். தளம் எழுந்தது, வள்ளங்கள் கரைசேரும் வழியில் பாதி அடைபட்டது. எஃபுவா மன்சா அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

“ஏன்யா, எங்க ஆம்பளைங்க கடலுக்குப் போகாத நாள் செவ்வாய் ஒண்ணுதான். கைப்புள்ளைக்கும் தெரியும். வியாழக்கிழமை யாருகிட்ட கருத்து கேட்டீரு, நாற்காலிகிட்டயா?”

“ஆமாக்கா. எல்லா நாற்காலியும் சரின்னுதான் சொல்லுச்சு.”

அந்த அம்மா சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

அதன்பின் செவ்வாய் தவிர வேறு நாளில் அவர் கூட்டம் நடத்தியதுண்டா? இல்லை! நிறுவனம் கேட்டும் இல்லை, அமைச்சகம் கேட்டும் இல்லை. அவர்களுடைய விருந்துகளுக்கு இவருக்கு அழைப்பு நின்றது. அடைபட்ட வழி திறக்கவேயில்லை என்பதால் கரையிலும் அவரை யாரும் முழுதாக நம்பவில்லை. யார் பக்கத்து மனிதர் அவர்? மதியம் கெங்கி என்னும் புளித்த சோளமாவு உருண்டையையும் பொரித்த மீனையும் தனியே சாப்பிடுவார். நான் கதவைத் தட்டினால், “எங்கூட உக்காந்தா உன்னையும் ஒதுக்கிருவாங்கம்மா, போ,” என்பார்.

வள்ளங்களின் வழியில் மீதிப் பாதியையும் கேட்கும் தள விரிவாக்கத் திட்டத்துக்கு வரும் செவ்வாய் கூட்டம். அதை இரண்டு நாள் தள்ளி வைக்கும்படி இன்று காலை, இதே பந்தலில் என்னிடம் கேட்டார்கள். “துக்க வாரம்மா, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.”

கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் சொல்கிறேன். புதிய தலைவர் வரும்வரை நாள் குறிப்பவள் நான். தள்ளி வைக்க மாட்டேன்!

அமிசா அவர்களே, நீங்கள் விட்டுச் சென்ற வேலையை நான் செய்வேன்.

கரையூர் மக்களே, என்னை நம்பி வரவேண்டாம். உங்கள் வழிக்காக வாருங்கள். வந்து உரக்கப் பேசுங்கள். எதிரில் உட்கார்ந்து கேட்க நான் ஒருத்திதான் இருப்பேன்.