உறுதியாகாத தகவல்

பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதலில் நல்ல காபி கொடுக்க வேண்டும் என்பது என் வழக்கம். சின்னச் சின்ன ஊர்களின் தொலைக்காட்சி நிலையங்களிலிருந்து பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். செய்தியையும் அவர்களே எழுத வேண்டும், கேமராவையும் அவர்களே தூக்க வேண்டும். ஒரு நாளாவது யாராவது அவர்களை உட்காரவைத்துக் காபி கொடுத்திருப்பார்களா என்பது சந்தேகம். நான் கொடுத்தேன். இந்த டேல் ஹாகனின், அதாவது என், பயிற்சிப் பட்டறைக்கு வந்த யாரைக் கேட்டாலும் குறை சொல்ல மாட்டார்கள். ஜோலீனைத் தவிர. அவளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

நீங்கள் விசாரிக்க வந்தது வெர்னா கொஸ்கெலாவைப் பற்றித்தானே.

அவரை எனக்கு முதலில் தெரிந்தது நான் செய்தியாளனாக இருந்த காலத்தில். அவருடைய மகன் டெரெக், குளிர்காலக் கடைசியில் உறைந்திருந்த சுப்பீரியர் ஏரியின் பனிமேல் மீன் பிடிக்கப் போனவன், திரும்பவில்லை. பனிவண்டி கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. இந்த ஏரி வாங்கியதை லேசில் திருப்பிக் கொடுக்காது, உங்களுக்கே தெரியும். மறுநாள் வெர்னாவின் சமையலறையில் உட்கார்ந்து நான்தான் பேட்டி எடுத்தேன். ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அவர் மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு, "அவன் சாப்பாடு அடுப்புல சூடாத்தான் இருக்கு" என்றார். அந்தப் பேட்டிக்கு எனக்கு விருது கிடைத்தது.

வேலையை விட்டபின் ஏரிக்கரை ஓட்டலில் ஒரு கூடத்தை எடுத்து இளம் செய்தியாளர்களுக்குப் பயிற்சி தர ஆரம்பித்தேன். நேரலையில் எப்படி நிற்பது, எழுதுவதை எப்படிச் சுருக்குவது, தகவலை எப்படி உறுதிசெய்வது, எல்லாம் உண்டு. ஆனால் எல்லாரும் பயந்தது ஒன்றுக்குத்தான். சாவு விழுந்த வீட்டுக் கதவைத் தட்டுவது.

அதற்கு முதலில் நாடகக் குழுவிலிருந்து ஆட்களை வரவழைத்தேன். சரிப்படவில்லை. கேள்வி முடிவதற்குள் அழுதுவிடுவார்கள். உண்மையில் துக்கத்தில் இருப்பவர்கள் அப்படி அழுவதில்லை. குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசுவார்கள், நாய்க்குச் சாப்பாடு வைத்தாயா என்று கேட்பார்கள். நடிகர்களுக்கு அது வராது.

ஒருநாள் மளிகைக் கடையில் வெர்னாவைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். தயங்குவார் என்று நினைத்தேன்.

"வர்றேன்" என்றார் உடனே. "வீட்டுக்கு வர்றவங்க யாரும் அவன் பேரை எடுக்கறதில்ல, டேல். நான் உடைஞ்சிடுவேன்னு பயம். உங்க பசங்களாவது கேக்கட்டும்."

அவரை நான் வற்புறுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் பிறவி ஆசிரியர். பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் வேலை பார்த்தவர், பிள்ளைகளோடு பழகத் தெரியும். எலுமிச்சைக் கேக் துண்டுகளைச் செய்து எடுத்து வருவார். கூடத்தின் நடுவில், ஜன்னலைப் பார்த்தபடி அவருடைய நாற்காலி. எதிரே ஒவ்வொருவராக வந்து உட்காருவார்கள். ஒரு பையன் எல்லாரும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டான்: "அந்த நேரத்துல உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருக்கும்னு நினைக்கிறே, தம்பி? ஊசிப்போன மீனைத் தின்ன மாதிரியா?"

கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஏரி அன்னிக்கு ரொம்பச் சத்தம் போட்டுச்சு. பனி இழுபடற சத்தம். நான் டிவியைச் சத்தமா வெச்சுட்டேன்" என்றார். அந்தப் பையன் அதன்பிறகு யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டான். இதைப் புத்தகத்தில் சொல்லிக்கொடுக்க முடியுமா?

சில வருஷம் இப்படிப் போனது. பிறகு அவருக்கு உடம்பு தேறுவதுபோல மனசு தேற ஆரம்பித்தது.

ஆர்விட் என்று ஒருவர். மனைவியை இழந்தவர், வெர்னாவின் தேவாலயத்துக்கு வருகிறவர். இருவரும் சனிக்கிழமை நடனத்துக்குப் போனார்கள். வெர்னா தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டார். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் பேட்டிகள் வழவழவென்று ஆகிவிட்டன. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் பெருமூச்சு விட வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. ஒரு பெண், "இப்பவும் ஏரியைப் பாத்தா என்ன தோணும்?" என்று கேட்டாள்.

"அழகா இருக்குன்னு தோணும், கண்ணு" என்றார் வெர்னா.

கேமரா பார்த்துக்கொள்ளும் கோர்டி என் காதோரம், "போச்சு. அம்மா குணமாயிட்டாங்க" என்றான். அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான்.

அன்று பிற்பகல் நான் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வழியில், வசந்தம் வந்ததும் டெரெக்குக்கு ஒரு கல்லறைக் கல் வைக்கப்போவதாகச் சொன்னார். உடல் இல்லாவிட்டால் என்ன, பெயராவது இருக்கட்டும் என்று பாதிரியார் சொன்னாராம். அதற்கப்புறம் ஆர்விட்டோடு அரிசோனாவுக்குப் போய்விடுவாராம். "இனிமே பனியே பாக்க வேணாம் எனக்கு. உங்க வகுப்புக்கும் இந்தக் குளிர்காலம்தான் கடைசி. தப்பா நினைக்காதீங்க."

நான் தப்பாக நினைக்கவில்லை. அடுத்த பட்டறைக்கு வரப்போகிறவர்களை நினைத்தேன். என்றாவது ஒருநாள் அவர்கள் நிஜமான ஒரு தாயின் முன்னால் போய் நிற்பார்கள். தயாராகாமல் போனால் அந்தத் தாய்க்குத்தானே துன்பம்.

சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது சொன்னேன். "வெர்னா, இதைச் சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன். என் பழைய டிவி நிலையத்துக்கு ஒரு ஃபோன் வந்துச்சாம். கனடா பக்கம், தண்டர் பே சரக்கு மேடையில ஒருத்தனைப் பாத்தாங்களாம். இடது காலைச் சாய்ச்சு நடக்கறானாம். பேர் கேட்டா சொல்லலையாம்."

டெரெக்கின் இடது கால் சின்ன வயதில் முறிந்து கோணலாகக் கூடியது. அதை வெர்னாதான் வகுப்பில் சொல்லியிருந்தார். நான் புதிதாக எதையும் கற்பனை செய்யவில்லை.

"இது உறுதியாகலை" என்றும் சொன்னேன். எங்கள் தொழிலில் அதைச் சொல்லாமல் விடக்கூடாது. "யாரோ சொன்னதா யாரோ சொன்னது. நம்பிக்கை வெச்சுக்காதீங்க."

விளக்கு பச்சையானது. வெர்னாவின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். இறங்கும்போது வண்டிக் கதவைத் திறக்க அவருடைய கைக்குத் தெரியவில்லை. நான் குனிந்து திறந்துவிட்டேன்.

அடுத்த பட்டறையில் அவர் பேசியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மகன் செத்துவிட்டான் என்று சொல்ல ஆரம்பிப்பார், சொல்ல முடியாமல் நின்றுவிடுவார். அவன் இருந்தான் என்பதா, இருக்கிறான் என்பதா, அவருக்கே தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவள் ஜோலீன் ஸ்டுபார், சுரங்க ஊர் ஒன்றின் நிலையத்திலிருந்து வந்தவள். அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய் வெர்னாவை அவருடைய சிவப்புக் கோட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"பேட்டி நடுவுல எழுந்து போகக் கூடாது, ஜோலீன்" என்றேன்.

"இது பேட்டி இல்ல சார்" என்றாள். "இவங்களுக்கு என்னமோ ஆகியிருக்கு. உங்களுக்குத் தெரியலையா?"

நல்ல கேள்வி. ஆனால் வகுப்பில் கேட்கிற கேள்வி இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் இன்னும் சில தகவல்கள் வெர்னாவுக்குப் போயின. ஒரு சலவைக் கடையில் பார்த்தார்களாம். குளிருக்கு ஏழைகளைத் தங்கவைக்கும் இடத்தில் அவன் சாயலில் ஒருவன் சூப் வாங்கிக் குடித்தானாம். ஒவ்வொன்றையும் பட்டறைக்குக் கொஞ்சம் முன்னால் சொன்னேன். ஒவ்வொன்றிலும் உறுதியாகவில்லை என்று சேர்த்தே சொன்னேன். அவர் கல்லறைக் கல் வேண்டாமென்று சொல்லிவிட்டார். நடனத்துக்குப் போவதை நிறுத்தினார்.

ஆர்விட் ஓட்டலுக்கே வந்து என்னைப் பார்த்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், உட்காரவில்லை.

"அவகிட்ட யாரோ என்னென்னமோ சொல்றாங்க, டேல். யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா. ராத்திரியெல்லாம் வாசல் விளக்கை எரியவிடறா. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"விசாரிக்கறேன்" என்றேன்.

"கண்டுபிடிச்சா எங்கிட்ட சொல்லுங்க. அந்த ஆளை நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். ஏன் இப்படிப் பண்றீங்கன்னு மட்டும் கேக்கணும்."

அவருக்கும் காபி கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டார். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

மார்ச் மாதப் பட்டறை தொடங்குவதற்கு முதல் நாள் வெர்னா ஃபோன் செய்தார். தண்டர் பே ஊருக்குப் போகப்போகிறாராம். டெரெக்கின் படத்தை அச்சடித்து வைத்திருக்கிறாராம். "நாளைக்கு வகுப்புக்கு வர முடியாது. மன்னிச்சுக்குங்க. நீங்க ஒருத்தர்தான் அவனை இன்னும் தேடிட்டிருக்கீங்க. உங்களை விட்டுட்டுப் போறேனேன்னு கஷ்டமா இருக்கு."

மூன்று மாநிலங்களிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்கியிருந்தார்கள். நான் என்ன செய்ய முடியும்?

"அவ்வளவு தூரம் போகாதீங்க" என்றேன். "இப்பதான் ஒண்ணு கேள்விப்பட்டேன். ஏரிக்கரை முனைக்கு அப்பால, பனிமேல ஒரே ஒரு மீன்பிடிக் குடில் மிச்சம் இருக்கில்ல, அதுல புகை வருதாம். யாரோ தங்கியிருக்காங்களாம். உறுதியாகலை. நாளைக்கு வகுப்பு முடியட்டும், நானே உங்களோட வர்றேன்."



"அவனோட குடில் அங்கதான் இருந்துச்சு" என்றார்.

தெரியும். அதையும் அவர்தான் வகுப்பில் சொல்லியிருந்தார்.

வகுப்பு முடியும்வரை காத்திருக்காமல் போய்விடுவார் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். அவருடைய குரல் எந்த இடத்தில் இறங்கும், எந்த வார்த்தைக்குப் பிறகு எழுந்து நிற்பார் என்பதை எத்தனையோ தடவை பதிவில் ஓட்டிப் பார்த்தவன் நான். இந்த உலகத்தில் என்னைவிட நன்றாக அவரைத் தெரிந்தவர் யாரும் இல்லை. இதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் நாற்காலி காலியாக இருந்தது. தகவலை உறுதிசெய்வது பற்றிய பாடத்தை முன்னால் எடுத்தேன். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்காமல் நம்பாதே, யார் சொன்னது என்று கேள், அவருக்கு எப்படித் தெரியும் என்று கேள். மதியம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். கோர்டியும் போனான். நான் மட்டும் கூடத்தில் இருந்தேன். காலையிலிருந்தே காற்று கரையிலிருந்து ஏரிப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. மார்ச் கடைசியில் அப்படி வீசினால் பனிப்பரப்பு கரையைவிட்டுப் பிரியும். இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் அது தெரியும்.

ஜன்னல் வழியே பார்த்தேன். முனையைத் தாண்டி, சிவப்புக் கோட்டு போட்ட ஒருவர் பனிமேல் நடந்துகொண்டிருந்தார்.

குடிலில் புகை இல்லை. இருந்தாலும் அவர் போய்க்கொண்டே இருந்தார். அவருக்கும் கரைக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. முதலில் பென்சிலால் இழுத்ததுபோல. பிறகு கொஞ்சம் தடிமனாக. அவர் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தார். அந்தப் பிளவைப் பார்த்தாரா, ஓட்டலைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. இப்போது வீட்டில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டுத்தான் தூங்குகிறேன். அப்படியும் அவர் நின்று திரும்புகிற அந்த இடம் வந்ததும் விழித்துக்கொள்கிறேன்.

ஃபோன் என் சட்டைப்பையில் இருந்தது. மீட்புப் படகு நிலையம் பக்கத்துத் தெருவில். அப்போதே கூப்பிட்டிருந்தால் ஒருவேளை உயிரோடு கிடைத்திருப்பார் என்று உங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். நான் பிறகு கூப்பிட்டேன். முதலில் கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பி, அதன் முக்காலியைச் சரிசெய்து, படம் ஆடாமல் நிறுத்தினேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததால் காற்றுச் சத்தம் பதிவாகவில்லை. சாப்பாட்டுக் கூடத்தின் கரண்டிச் சத்தமும் என் மூச்சும் மட்டும் கேட்கிறது. மூச்சு நிதானமாகத்தான் இருக்கிறது.

சிவப்பு நிறம் தெரியாமல் போனபிறகுதான் ஃபோனை எடுத்தேன். ஏப்ரலில் பனி உடைந்தபோது அவர் கிடைத்தார். ஆர்விட் ஒரே கல்லில் இரண்டு பெயர்களையும் வெட்டவைத்தார். நான் அடக்கத்துக்குப் போயிருந்தேன். என் கையைப் பிடித்து, "அவளுக்கு நீங்க நிறைய செஞ்சீங்க" என்றார்.

ஜோலீன் இலையுதிர் காலத்தில் மேற்பயிற்சிக்கு வந்தாள். முதல் நாள் மதியமே எழுந்து வெளியே போனவள், என் பழைய நிலையத்துக்குப் பேசியிருக்கிறாள். தண்டர் பேயிலிருந்து ஃபோன் வந்ததாக வெர்னா அவளிடம் சொல்லியிருந்தாராம்; அதை யார் எடுத்தது என்று கேட்டிருக்கிறாள். அப்படி ஒரு ஃபோன் வரவே இல்லை என்றதும், வேறு இரண்டு பேரிடமும் கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் உங்களிடம் வந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

அவளுக்கு எதனால் சந்தேகம் வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான். அந்தச் சிவப்புக் கோட்டு அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்கிறது. இதை யார் எடுத்தது, எங்கே நின்றுகொண்டு எடுத்தது என்று கேட்டாள். நான் பதில் சொன்னேன். எந்தப் பிள்ளை கேட்டாலும் நான் மறைத்ததில்லை.

ஆனால் ஒன்று, அதை நான் எந்தத் தொலைக்காட்சிக்கும் கொடுக்கவில்லை. ஒரு தாயின் கடைசி நிமிஷங்களை வீட்டுக் கூடங்களில் ஓடவிடுகிற ஆள் நான் இல்லை. வகுப்பில் மட்டும்தான் போட்டுக் காட்டினேன், எதையெல்லாம் காட்டவே கூடாது என்று சொல்லிக்கொடுக்கிற பாடத்தில்.