மெத்தைக் கடை விளம்பரம்

எனக்கு ரேடியோ கேட்கும் பழக்கம் கிடையாது. சின்ன வயதிலேயே கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அம்மா நேர்மாறு. காலையில் தையல் மிஷினில் உட்காரும்போது ரேடியோவைத் திருப்பினால், இரவு விளக்கை அணைக்கும்போதுதான் அதையும் அணைப்பாள். மழை வரும் என்று ரேடியோ சொல்லிவிட்டால், வெயில் மண்டையைப் பிளந்தாலும் கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிடுவாள். "ரேடியோக்காரன் என்ன நம்ம சொந்தக்காரனா, பொய் சொல்றதுக்கு?" என்பாள்.

உங்கள் விசாரணை முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன், மேடம். கருவியின் பிழை என்று எழுதப்போகிறீர்களாம். எங்கள் மேலாளர் சாருக்கு வேலை போய்விட்டது. என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கருவியை உருவாக்கியவள் நான். அது பிழை செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் நிலையம் சொந்தமாக நிகழ்ச்சி எதுவும் செய்வதில்லை. பெரிய நிலையத்தின் ஒலிபரப்பை வாங்கி, மலைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் திருப்பி அனுப்புகிறோம். இங்கே போன் பேசவே ஜன்னல் ஓரமாய்ப் போய் நிற்க வேண்டும், இணையம் ஏறவே ஏறாது. ஆக, ஊருக்கு ரேடியோதான் எல்லாம். பெரிய நிலையத்தின் விளம்பரம் வரும் இடங்களில், அதன் மேல் உள்ளூர்க் கடை விளம்பரத்தைப் போட்டு மூடுவோம். எங்கள் எல்லோருக்கும் சம்பளம் அதிலிருந்துதான் வருகிறது.

சிக்கல் என்னவென்றால், எந்த விளம்பரம் எப்போது வரும் என்று பெரிய நிலையம் சொல்லாது. தினம் புதிது புதிதாக வரும். தெரியாத ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? அது என்ன என்று தெரியவே வேண்டாம் என்பதுதான் என் யோசனை. எந்த மனிதனாலும் ஒரே வாக்கியத்தை இரண்டு முறை அச்சாக ஒரே மாதிரி பேச முடியாது. மூச்சு மாறும், தொண்டை மாறும். பதிவு செய்த குரல் மட்டும்தான் அதே மூச்சோடு, அதே இடத்தில் திரும்பி வரும். என் கருவி ஒலியின் ஒவ்வொரு துண்டிலும் கைரேகை மாதிரி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளும். முதல் முறை வந்தால் விட்டுவிடும். இரண்டாம் முறை வந்தால் அடையாளம் கண்டுகொள்ளும். மூன்றாம் முறை மூடிவிடும். பாட்டுகளை நீளத்தை வைத்தே விலக்கிவிடும். பேசுவது யார், என்ன பேச்சு, அதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆபீஸில் அதற்குக் காது என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒரே ஒரு பாதுகாப்பு வைத்திருந்தேன். தெரியாத துண்டு ஒன்று இரண்டாம் முறை வந்ததும் என் திரையில் சின்ன மஞ்சள் பெட்டி தோன்றும். நான் ஹெட்போனை மாட்டிக் கேட்பேன். விளம்பரம் என்றால் சும்மா இருப்பேன். வேறு ஏதாவது என்றால் 'விடு' என்பதை அழுத்துவேன். அதற்குப் பிறகு காது அதைத் தொடாது.

அந்த மஞ்சள் பெட்டி சாருக்குப் பிடிக்கவில்லை. ஆளே இல்லாமல் ஓடுகிற கருவி என்று முதலாளியிடம் சொல்லி வைத்திருந்தார். கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன்.

"சார், அவசர அறிவிப்பையும் ரெக்கார்ட் பண்ணித்தான் திரும்பத் திரும்பப் போடுவாங்க. இது அதையும் மூடிடும்."

"வந்துட்டாங்கய்யா வாத்தியாரம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "ஏம்மா, உங்க வீட்டுல மொதமொதல்ல காலேஜ் வாசல மிதிச்சது நீதானே? அதான். எதைத் தொட்டாலும் ஒடஞ்சிடும்னு பயம். நாங்கல்லாம் மூணு தலைமுறையா படிச்சவங்க, ஒடஞ்சா வேற வாங்கிக்கலாம்னு இருப்போம்."

மறுபடி சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் சொன்னதைவிட, நான் சிரித்ததுதான் எனக்கு ஆறவில்லை. அறையைத் துடைக்கிறவருக்குக்கூடத் தெரியும், காது என் மூளையில் உதித்தது என்று. ஆனால் அதைப் பற்றிப் பத்திரிகையில் வந்த படங்களிலெல்லாம் சார் ஒருவர்தான் நின்றார்.

முதலாளி பார்வையிட வந்த நாள் உங்களுக்குத் தெரியும். காலையிலேயே சார் என் மேஜைக்கு வந்தார். "இன்னிக்கு ஒரு நாள் பூரா மனுஷக் கை படாம ஓடணும். மஞ்சப் பொட்டி வந்தாலும் சரி, பச்சப் பொட்டி வந்தாலும் சரி, நீ கையக் கட்டிட்டு உக்காரு" என்றார். சரி சார் என்றேன்.

அவர் அந்தப் பக்கம் போனதும் திரையைப் பார்த்தேன், விடிவதற்கு முன்பே வந்த மஞ்சள் பெட்டி ஒன்று காத்திருந்தது. பழக்க தோஷம், ஹெட்போனை மாட்டினேன். ஒரு பெண் குரல், அவசரமே இல்லாமல் பேசியது. உரத் தொழிற்சாலையின் தொட்டி உடைந்து, மலைக்கு இந்தப் பக்கத்துக்குக் குடிநீர் வரும் ஏரியில் கலந்துவிட்டது. குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், சமைக்க வேண்டாம். கொதிக்க வைத்தாலும் பயனில்லை. முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்கு அதில் பால்மாவு கலக்கக் கூடாது. தண்ணீர் லாரிகள் வரும்வரை காத்திருங்கள்.

முதல் இரண்டு முறையும் அது விடிவதற்கு முன் வந்திருக்கிறது. அப்போது யார் கேட்டிருப்பார்கள்? மூன்றாம் முறை வந்தபோது காது அதை மூடியது. சுத்தமாக, ஓர் எழுத்துகூடப் பிசிறாமல். அந்த இடத்தில் மெத்தைக் கடை விளம்பரம் போனது. 'முதுகு வலி போச்சு, நிம்மதி வந்தாச்சு' என்று ஓர் ஆள் குதூகலமாகக் கத்துவார், அதுதான்.

நான் எந்த விசையையும் அழுத்தவில்லை, மேடம். அன்று நான் செய்தது அவ்வளவுதான். சொன்ன பேச்சைக் கேட்டேன்.

சாயந்திரம் முதலாளி வரட்டும், அவர் முன்னாலேயே இதைப் போட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். பாருங்கள், ஊரே கேட்க வேண்டியதை உங்கள் ஆள் மெத்தை போட்டு மூடிவிட்டார் என்று. அதுவரை என்ன ஆகிவிடப் போகிறது? நாலு பேருக்கு வயிறு கலங்கும். ஊராட்சியிலிருந்து யாராவது ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள் என்று நினைத்தேன். ரேடியோவில்தான் சொல்லியாகிறதே என்று அவர்கள் போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் எதிர்வீட்டில் அண்ணி ஒருத்தி இருக்கிறாள். உங்களிடம் வந்து அழுதாளே, அவள்தான். சொந்தம் இல்லை, நான் பரீட்சைக்குப் படித்த நாட்களில் எனக்குத் தலை வாரிவிட்ட பழக்கத்தில் அண்ணி. பல வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. தாய்ப்பால் போதவில்லை என்று புட்டிப்பால்தான். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் என் கண்ணாடியைப் பிடித்து இழுக்கும். அன்று அந்தப் பாப்பாவின் ஞாபகம் எனக்கு வரவே இல்லை. வந்திருந்தால் அழுத்தியிருப்பேன்.

சாயந்திரம் முதலாளி வந்தார். பெரிய ஒலிபெருக்கியில் ஒலிபரப்பைப் போட்டுவிட்டு எல்லோரும் சுற்றி நின்றோம். நான் பேசத் தயாராக இருந்தேன். முதல் வாக்கியத்தைக்கூட மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். அப்போது சார் என் தோளைத் தொட்டு முன்னால் நகர்த்தினார்.

"இதுல என் பங்கு ஒண்ணும் இல்லீங்க. முழுக்க இந்தப் பொண்ணு மூளை. அவங்க வீட்டுல மொத பட்டதாரி."

அந்த மனுஷன் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

"நீயாம்மா?" என்றார் முதலாளி. "சபாஷ். இவ்வளவு சின்னப் பொண்ணா இருக்கே."

எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா இதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சரியாக அந்த நேரம் மெத்தைக் கடை விளம்பரம் மறுபடி வந்தது.

"என்னய்யா இது, காருல வரும்போதும் இதேதான் கேட்டேன்" என்றார் முதலாளி. "ஊரே மெத்தையில படுத்திருக்கும் போலிருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? காலையில் சொல்லியிருந்தால் அது சாரின் குற்றம். இப்போது காது என்னுடையது என்று ஊரறியச் சொல்லியாகிவிட்டது. இனி 'விடு' என்று அழுத்தினால், திடீரென்று இது எங்கிருந்து வந்தது, இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தது என்று கேட்பார்கள். அழுத்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் நிலையத்துக்கு ஆள் வந்தார். மூன்று கைக்குழந்தைகள். உதடும் நகமும் நீலம் பாய்ந்திருந்தனவாம். இரண்டாவது, அண்ணியின் குழந்தை. அதன் கடைசிப் புட்டியை முந்தின நாள் இரவில் கலக்கியிருக்கிறாள். நான் கைதட்டல் வாங்கியபின்.

நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள், நான் பதில் சொல்லவில்லை, நீங்களும் விட்டுவிட்டீர்கள். காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குவதா என்று வாழ்நாள் முழுக்கக் கேலி பேசிய என் அம்மா, அன்று மட்டும் கடைக்குப் போய் இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள் என்று அண்ணி சொன்னாளாம். தற்செயல் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

தற்செயல் இல்லை. மூன்றாம் முறை மூடிய உடனே மாடிப்படி ஜன்னலுக்கு ஓடிப்போய் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, இன்னிக்குக் குழாய்த் தண்ணியத் தொடாதே. கடையில பாட்டில் வாங்கிக்கோ."

"ஏன்டி, காசு என்ன மரத்துலயா காய்க்குது?"

விஷயத்தைச் சொன்னேன். கொதிக்க வைத்தாலும் போகாது என்றும் சொன்னேன். "யார்கிட்டயும் மூச்சு விடாதே. நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சா வேலை போயிடும்."

அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் நின்றது.

"அப்போ எதிர்வீட்டுப் பாப்பாவுக்கு?" என்றாள் அம்மா. "அவ இந்தத் தண்ணியிலதானேடி பால் கலக்குறா?"

நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலை நம்பி அம்மா அன்று தைக்கவே இல்லையாம். ரேடியோவை வாசலில் கொண்டுவந்து வைத்து, எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டிவிட்டு, இரவு வரைக்கும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை. ரேடியோவையும் திருப்புவதில்லை.

"ரேடியோல சொல்லுவாங்கம்மா" என்றேன்.