தீராமல் வைத்திருந்த பற்பசை

இராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில் 1963ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 24ஆம் தேதி காலையில் ஏட்டு விசாரித்தபோது சொன்னது:

என் பெயர் சுலைகா. வயது இருபத்தைந்து இருக்கும். கீழக்கரை மேலத்தெருவில் குடியிருக்கிறேன். கணவர் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வராது என்றதால், கூட இருந்த அவருடைய அக்காள் காலிதா, “ஹமீது சுல்தான்” என்று சொல்ல, ஏட்டு எழுதிக்கொண்டார். அவர் பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். எங்களுக்கு ஒரே மகள், நூர் நிஷா, ஐந்து வயது நடக்கிறது. நேற்று விஷம் தின்றதாக இங்கே சேர்க்கப்பட்டவள் அவள்தான்.

மகள் தொட்டிலில் கிடந்தபோது கப்பலேறிய என் கணவர் போன வருஷம்தான் ஊர் வந்தார். மகள் அவரிடம் போகாமல் காலிதா மதினியின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். அவர் கொண்டுவந்த சாமான்களில் தகரக்குழாயில் அடைத்த வெளிநாட்டுப் பற்பசை ஒன்று இருந்தது. பிள்ளைகளுக்குச் சொத்தைப் பல் வராமலிருக்க அதில் புளூரைடு என்ற மருந்து சேர்த்திருப்பதாகச் சொன்னார். அதன் பிறகு தினமும் காலையில் கிணற்றடியில் மகளை மடியில் வைத்து, பச்சைப்பயறு அளவு மட்டும் பிதுக்கி, அவரே தேய்த்துவிடுவார். “துப்பும்மா, முழுங்கப்படாது” என்பார். அவள் எட்டத் துப்பிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். இருவரும் ஒட்டிக்கொண்டது அந்தக் கிணற்றடியில்தான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அதன் பிறகு ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து அவர் மறுபடி கப்பலேறினார். எங்கள் வீட்டில் சபர் என்று கடல் கடந்து பிழைக்கப் போகிற ஆண்கள், பாதி தீர்ந்த பொருள் ஒன்றை விட்டுவிட்டு, அது தீர்வதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் போவது வழக்கம். வீட்டிலிருப்பவர்கள் அதைத் தீரவிடுவதில்லை. என் மாமனார் விட்டுப்போன அத்தர் புட்டியில் இன்றைக்கும் ஒரு சொட்டு இருக்கிறது. அவர்தான் வரவில்லை. என் கணவர் இந்தப் பற்பசையை விட்டுப்போனார். குழாயின் நடுவில் அவர் பெருவிரல் அழுத்திய பள்ளம் இருந்தது. நான் அதைத் தொடாமல் அடியிலிருந்தே பிதுக்கி, வெள்ளிக்கிழமை மட்டும் மகளுக்குத் தேய்த்துவிடுவேன். மற்ற நாளெல்லாம் உப்பும் உமிக்கரியும்தான். வாப்பா எப்போது வருவார் என்று அவள் நச்சரிக்கும்போதெல்லாம், “இது தீர்றதுக்குள்ள வந்துருவாக” என்று சொல்லுவேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான்.

நேற்றுக் காலையில் பினாங்கிலிருந்து வந்த, என் கணவருக்கு அண்ணன் முறையான வாவு முகம்மது காக்கா வாசலில் நின்று, முதலாளி லீவு கொடுக்கவில்லை, இந்தப் பெருநாளுக்கும் தம்பி வர முடியாது என்று சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன் பிறகு நான் அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரித்தேன். அழுதால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்றுதான் வெங்காயத்தை எடுத்தேன். மதினி தொழுதுகொண்டிருந்தார். அந்த நேரத்தில் மகள் பெட்டியின் மேல் முக்காலியை வைத்து ஏறி, பரணில் இருந்த குழாயை எடுத்திருக்கிறாள். நான் போய்ப் பார்த்தபோது வாயைச் சுற்றி வெள்ளையாக இருந்தது. “உம்மா, தீத்துட்டேன். வாப்பாவ வரச் சொல்லுங்க” என்றாள்.

அதன் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். மதினி ஓடிவந்து பால் புகட்டினார். வாவு முகம்மது காக்கா கார் பிடித்து இங்கே கொண்டுவந்து சேர்த்தார். டாக்டர் குழாயை வாங்கிப் பார்த்துவிட்டு, பால் கொடுத்தது நல்லதாகப் போயிற்று என்றார். “மருந்து நல்ல மருந்துதாம்மா. பயறளவு போட்டுத் தேச்சுத் துப்புனா பல்லக் காக்கும். தித்திப்பா இருக்குன்னு குழாயோட தின்னா இப்பிடித்தான் ஆகும். பெரியவுக கையில இருக்கணும், பிள்ளைக்கு எட்டக்கூடாது” என்றார். என் கணவர் சொன்னதும் அதேதான். எட்டாத இடத்தில்தான் வைத்தேன். ஆசைக்கு எட்டாத இடம் வீட்டில் ஏது?

மதினிமேல் சந்தேகம் உண்டா என்று ஏட்டு கேட்டார். கிடையாது. பால் புகட்டியதே அவர்தான். யார் மேலும் எனக்குப் புகார் இல்லை.

மகள் இன்று விடியற்காலை கண் விழித்தாள். பிழைத்துக்கொண்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண் விழித்ததும் வாசலைப் பார்த்து, “வாப்பா எங்கன?” என்றுதான் கேட்டாள்.

அந்தக் குழாயைப் போலீசார் துணியில் கட்டி அரக்கு முத்திரை வைத்திருக்கிறார்கள். கட்டுவதற்கு முன் நான் பார்த்தேன். மகளும் என்னைப் போலவே அடியிலிருந்துதான் பிதுக்கியிருக்கிறாள். அவர் விரல் பள்ளத்தை நசுக்கவில்லை. அதற்கு மேலே கழுத்துப் பக்கம் இன்னும் கொஞ்சம் பசை இருக்கிறது. பரிசோதனைக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும். முழுவதையும் பிதுக்கிவிடாமல் என்னிடம் திருப்பித் தரவேண்டும். இன்னும் தீரவில்லை என்று நான் என் மகளிடம் காட்டவேண்டும்.

ஏட்டு இதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நிஜம். எழுதப் படிக்கத் தெரியாததால் ரேகை வைக்கிறேன்.

சுலைகா, இடது கைப் பெருவிரல் ரேகை.