எண்ணெய் போடாத கப்பி

— நாற்காலி மேல என் பனியன், கதவு மேல உன் கவுனு, அடுப்புக்கு மேல தலையணை உறை. தட்ட எங்க வெச்சுச் சாப்பிடறதுன்னு சொல்லு எர்சீலியா, அங்கயே உட்கார்ந்துக்கறேன்.

— மடியில வெச்சுக்கோ. பதினெட்டு நாளா விடாம மழை கொட்டினா துணிய என் தலையிலயா காயப்போடுவேன்? நேப்பிள்ஸ்ல வெயில் செத்துப் போச்சுன்னு எவனும் சொல்லவே இல்லையே.

— அதத்தானே நம்ம பையன் ரெனாத்தோவும் சொல்றான். தூரின்லேர்ந்து நேத்து மூணு தடவ போன் பண்ணிட்டான். "அப்பா, துணி காயவைக்கிற மெஷினுக்கு நான் பணம் கட்டிடறேன், நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க, வியாழக்கிழமை வாசல்ல இருக்கும்"ங்கறான். மத்தியானத்துக்குள்ள பதில் வேணுமாம்.

— மெஷினாம் மெஷின். துவைக்க ஒண்ணு, காயவைக்க ஒண்ணு. நாளைக்கு மடிச்சு வைக்க ஒண்ணு வரும், அதுக்கப்புறம் உனக்குப் பொண்டாட்டியே தேவையில்ல.

— சிரிப்புக் காட்டாதே. சிரிச்சா இருமல்... இருமல் வருதுன்னு... சொல்றேன்ல...

— இந்தா, தண்ணி குடி. மெதுவா. மாதாவே, எப்படி இழுக்குது பாரு! குனிஞ்சுக்கோ. ஆங், அப்படித்தான்.

— ...போயிடுச்சு. இதுக்குத்தான் எர்சீலியா, அந்த டாக்டரம்மா தலபாடா அடிச்சுக்கறா. நாப்பது வருஷம் செருப்புப் பட்டறையில பசை வாடைய இழுத்த நுரையீரல். போதாததுக்கு நாலு வருஷம் முன்னாடி அந்தத் தொத்து நோய் வந்து நாப்பது நாள் ஆஸ்பத்திரி. "வீட்டுக்குள்ள ஈரத்துணி தொங்கவே கூடாது, செவுரு பூசணம் புடிச்சுக் கறுக்கவே கூடாது"ன்னா. நம்ம செவுரப் பாரு.

— பாக்காம இருக்கேனா? வாராவாரம் வினிகர் ஊத்தித் தேய்க்கிறது யாரு, உங்கம்மாவா?

— அப்ப ஏன் மெஷின் வேண்டாம்ங்கற?

— இடம் எங்க? குளிக்கிற அறையில இப்பவே நண்டு மாதிரி பக்கவாட்டுலதான் நடக்கறேன்.

— துவைக்கிற மெஷின் மேலயே ஏத்தி வைக்கலாம். அளந்து பாத்துட்டேன்.

— எப்ப?

— ஞாயித்துக்கிழமை, நீ பூசைக்குப் போயிருந்தப்ப.

— திருட்டுப் பய! நான் அங்க உனக்காக மெழுகுவத்தி ஏத்திட்டு இருக்கேன், நீ இங்க டேப்பு வெச்சு அளந்துட்டு இருக்கே. சரி, கரண்டு? ஓவனையும் துவைக்கிற மெஷினையும் ஒண்ணாப் போட்டாலே வீடு இருட்டாயிடுது. அறுபத்தெட்டு படி இறங்கி, கீழ மீட்டர் பெட்டியில பொத்தானத் தூக்கி விடணும். நீ இறங்குவியா இந்த மூச்ச வெச்சுக்கிட்டு? எதிர் ஜன்னல் டோன்னா மஃபால்தா வீட்டப் பாரு, வாரத்துக்கு ரெண்டு தடவ கரண்டு போகுது. காப்பிக்கடை ரோக்கோதான் பாவம் தூக்கி விடறான்.

— அவங்க வீட்ல மெஷினா இருக்கு? ஓவன்ல கேக்கு வைக்கறதால போகுதுன்னுதானே சொல்றாங்க.

— ம்க்கும், கேக்கு. இத்தன வருஷத்துல அந்தம்மா வீட்லேர்ந்து நம்ம துணிக் கயித்துல பீன்ஸ் சூப்பு வந்திருக்கு, பொரிச்ச மிளகா வந்திருக்கு, கத்திரிக்கா வந்திருக்கு. இத்துனூண்டு கேக்கு வந்ததில்ல. வயசாச்சு, தனியா சுட்டுத் தனியா தின்னா தின்னுட்டுப் போகட்டும்.

— பேச்ச மாத்தாதே. இடம் இருக்கு. பணம் அவன் கட்றான். வேற எதுவும் ஓடாதப்ப மெஷினப் போட்டா கரண்டும் போகாது. முப்பத்தொம்பது வருஷமா உன் மூஞ்சியப் பாத்துட்டு இருக்கேன் எர்சீலியா. நிஜக் காரணத்தச் சொல்லு.

— ...கயிறு.

— என்ன கயிறு?

— என்ன கயிறா? நம்ம செவுத்துக் கப்பிலேர்ந்து அவங்க செவுத்துக் கப்பி வரைக்கும், சந்துக்குக் குறுக்க தொங்குதே, அந்தக் கயிறு! அவங்க இழுத்தா என் துணி நகரும், நான் இழுத்தா அவங்க துணி நகரும். நான் மெஷின வாங்கி வெச்சுட்டு ஜன்னல சாத்திக்கிட்டா அந்தம்மா யாரு கூட இழுப்பாங்க? புருஷன் போய்ச் சேந்தாச்சு. பொண்ணு அர்ஜென்டினால. காலைல ஏழு மணிக்கு மூணு டவல மாட்டி இழுப்பாங்க, கப்பி கிறீச்சுனு கத்தும், நான் திறந்து "எழுந்தாச்சா"ன்னு கேப்பேன். இந்த மழையிலயும் மேல பிளாஸ்டிக் தாளப் போட்டுக்கிட்டு, ஒரு நாள் தவறினதில்ல. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எழுந்திருக்கறாங்களோ என்னமோ.

— அந்தக் கிறீச்சா! எண்ணெய் போடறேன்னு கிண்ணத்தோட போய் ஜன்னல்ல நின்னதுக்கு என்னைக் கடிச்சுக் குதறிட்டாங்களே. "என் கப்பியத் தொட்டே, கைய முறிப்பேன்"னு.

— சிரிக்காதே சபத்தீனோ. நீ ஆஸ்பத்திரில கிடந்தப்ப இங்க என்ன நடந்துச்சுன்னு உனக்கு முழுசாத் தெரியாது.

— சூப்பு அனுப்பினாங்கன்னு சொன்னியே.

— சூப்பு அப்புறம். முதல்ல எட்டு நாள் நான் எழுந்திருக்கவே இல்ல. உன்ன வந்து பாக்கக் கூடாதுன்னுட்டாங்க, வீட்ட விட்டு இறங்கவும் கூடாதுன்னுட்டாங்க. கதவ சாத்தி, ஜன்னல சாத்தி, உன் தலையணையக் கட்டிக்கிட்டுக் கிடந்தேன். காஞ்ச ரொட்டி ரெண்டு கடிச்சிருப்பேன், அவ்வளவுதான். போன் அடிச்சா எடுக்கல. பையன் அடிச்சாக் கூட. நீ போயிட்டேன்னு சொல்லத்தான் அடிக்கறாங்கன்னு பயம்.

— எர்சீலியா...

— இரு, சொல்லி முடிச்சுடறேன். ஒம்பதாம் நாள் காலைல கப்பி கத்த ஆரம்பிச்சுது. கிறீச், கிறீச், கிறீச். நிறுத்தவே இல்ல. அரை மணி நேரம். மண்டையே வெடிச்சுது. அந்தக் கிழவிய நாலு வார்த்த நாக்கப் புடுங்கற மாதிரி கேக்கணும்னுதான் எழுந்து ஜன்னலத் திறந்தேன். எதிர்ல அவங்க நிக்கறாங்க. கயித்துல மூணு டவலு, டவலுக்குப் பக்கத்துல ஒரு தூக்கு. "சூப்பு ஆறிப்போகுது, இழு"ன்னாங்க. அவ்வளவுதான். ஒரு ஆறுதல் கிடையாது, ஒரு அழுகை கிடையாது. மறுநாளும் ஏழு மணி. அதுக்கு மறுநாளும் ஏழு மணி. நீ திரும்பி வர்ற வரைக்கும். நான் இன்னிக்கு உயிரோட நின்னு உன்கிட்ட வாயாடறேன்னா அது அந்தம்மா போட்ட பிச்ச. இப்ப சொல்லு, மெஷின் வந்தாச்சு போயிட்டு வரேன்னு அவங்ககிட்ட எந்த வாயால சொல்லுவேன்?

— இத ஏன் நாலு வருஷமா என்கிட்ட சொல்லல?

— நீ திரும்பி வந்துட்டே. அப்புறம் சொல்றதுக்கு என்ன இருக்கு.

— அழாதே. இங்க வா. அழாதேங்கறேன்ல. சரி, மெஷின் வேண்டாம். பையன்கிட்ட நானே சொல்லிடறேன்.

— அப்புறம் நீ இருமிக்கிட்டே கிடப்பே. அதையும் நான்தானே பாக்கணும்! ரெண்டு பக்கமும் இடிச்சா நான் எங்க போவேன்?

— எங்கயும் போக வேண்டாம். ஜன்னலுக்குப் போ. அவங்ககிட்டயே கேட்டுடு, மூஞ்சிக்கு நேரா. அதோ, கப்பி கத்துது.

— இந்நேரத்துக்கா? இரு, கண்ணத் தொடச்சுக்கறேன்... டோன்னா மஃபால்தா! இந்தக் கொட்டற மழையில ஜன்னல்ல என்ன பண்றீங்க?

— உன் புருஷன் இருமறது கீழ காப்பிக்கடை வரைக்கும் கேக்குதுடி. இருக்கானா போயிட்டானான்னு பாக்க வந்தேன்.

— இருக்கேன் டோன்னா மஃபால்தா! உங்க ஆசீர்வாதம்!

— வாய மூடிக்கிட்டுக் கழுத்துல ஏதாவது சுத்திக்கோ சபத்தீனோ. உள்ள போ. ஏன்டி எர்சீலியா, கண்ணு ஏன் செவந்து கிடக்கு?

— வெங்காயம் நறுக்கினேன்.

— வாசனையே வரல. வேற பொய் சொல்லு.

— ...ரெனாத்தோ துணி காயவைக்கிற மெஷின் வாங்கித் தரேங்கறான். நான் வேண்டாம்னு சொல்லப் போறேன்.

— வேண்டாமா? இந்த இருமல வீட்ல வெச்சுக்கிட்டா? ஏன் வேண்டாம்?

— இடம் இல்ல.

— பொய்.

— கரண்டு போயிடும்.

— அதுல கொஞ்சம் நிஜம் இருக்கு. அப்புறம்?

— உங்களுக்காகத்தான்! போதுமா? காலைல நீங்க டவல மாட்டி இழுக்கும்போது இந்தப் பக்கம் ஆளே இல்லைன்னா எப்படி இருக்கும்? எட்டு நாள் செத்துக் கிடந்தவள எழுப்பி விட்டீங்களே, நான் மறந்துட்டேன்னு ஆயிடாதா? உங்களுக்கு நன்றின்னு ஒரு வார்த்த இந்த நாலு வருஷத்துல நான் சொன்னதில்ல. வாயத் திறந்தா வரமாட்டேங்குது. அந்த நன்றியத்தான் தினமும் கிளிப்புப் போட்டு உங்க டவலுக்குப் பக்கத்துல தொங்கவிடறேன். அதையும் நிறுத்தச் சொல்றீங்களா?

— ...பைத்தியம். அசல் பைத்தியம். எனக்காக அந்த ஆளோட நெஞ்ச... அடி மாதாவே!

— என்னாச்சு? உங்க விளக்கு அணைஞ்சுபோச்சே!

— கரண்டுதான். ரோக்கோ! ஏய் ரோக்கோ, காது கேக்குதா? அந்தப் பொத்தானக் கொஞ்சம் தூக்கி விடுப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்!

— மறுபடியும் கேக்கா?

— கேக்குதான்.

— டோன்னா மஃபால்தா, என் நுரையீரல்தான் கெட்டுப் போச்சு, மூக்கு நல்லாத்தான் இருக்கு. நாலு வருஷமா வேகற கேக்கு, ஒரு நாளாவது வாசனை வரணுமா இல்லையா?

— உன்ன உள்ள போகச் சொன்னேன்ல?

— அவரு கேக்கறதுல என்ன தப்பு? உள்ள என்ன வெச்சிருக்கீங்க? நிஜத்தச் சொல்லுங்க.

— ...ஆறு டவலு. ஒரு படுக்கை விரிப்பு. என் பழைய ஃபிளானல் கவுனு.

— ஓவன்லயா!

— ஓவன்ல ஏன்டி வைக்கப் போறேன்? மெஷின்ல! துணி காயவைக்கிற மெஷின்ல. சமையல்கட்டு மூலையில, தரை வரைக்கும் பூப்போட்ட துணியப் போட்டு மூடி, மேல அந்தோணியார் சுரூபத்த வெச்சிருக்கேன் பாரு, அதான். நீ வர்றப்பல்லாம் அந்தோணியாருக்கு முன்னாடி சிலுவை போட்டுட்டுத்தானே காப்பி குடிப்பே.

— அட கடவுளே! மெஷினயா நான் கும்பிட்டேன்? அதான் உங்க டவலு மட்டும் முயல்குட்டி மாதிரி மெத்துனு இருக்கு! கேட்டா சோப்பு மாத்தினேன்னீங்களே. நானும் கடையில இருக்கற சோப்பு அத்தனையும் வாங்கிப் பாத்தேன்!

— திட்டு. நல்லாத் திட்டு. ஆனா முதல்ல நான் சொல்றதக் கேளு. பையன் காச வீணாக்காதே. வீட்ல தொங்கற ஈரத்துணி எல்லாத்தையும் ஒரு பையில போட்டு இறுக்கிக் கட்டு, கயித்துல மாட்டு, மேல பிளாஸ்டிக் தாளப் போடு. நான் இழுத்துக்கறேன். காயவெச்சு, மடிச்சு, அதே கயித்துல திருப்பி அனுப்பறேன். உன் வீட்டுக்குள்ள ஈரக் கைக்குட்டை ஒண்ணு தொங்கக் கூடாது. ரெனாத்தோகிட்ட சொல்லு, மெஷினுக்கு வெச்சிருக்கற காசுல அப்பன் படுக்கற அறைச் செவுத்த சுரண்டி வெள்ளையடிக்கட்டும்.

— தினமுமா? உங்க முட்டிவலியோட?

— முட்டிய வெச்சா துணி மடிக்கப் போறேன்? பைய எடுடி.

— டோன்னா மஃபால்தா, உங்க கைக்கு முத்தம் குடுக்கணும் போல இருக்கு. இன்னிக்கு சொல்லிடறேன், கேட்டுக்கோங்க. நன்றி. அன்னிக்கு சூப்புக்கும் சேத்து நன்றி.

— சொல்லிட்டியா? சரி. இப்ப அங்க தொங்கற பனியன் எல்லாம் எடு.

— சபத்தீனோ, கதவு மேல இருக்கறத எடு! அடுப்பு மேல இருக்கறதையும்! பெரிய பையக் கொண்டா, அந்த நீலப் பையி... இருங்க. ஒரு நிமிஷம் இருங்க. அந்த மெஷின் எப்ப வந்துச்சு? இந்த சந்துல ஒரு பூனை படி ஏறினாக் கூட எனக்குத் தெரியும். அவ்வளவு பெரிய பெட்டி உங்க மூணாவது மாடிக்கு ஏறினத நான் எப்படிப் பாக்காம விட்டேன்?

— நீ எங்கேர்ந்து பாப்பே? உன் ஜன்னல்தான் எட்டு நாளா சாத்தியிருந்துச்சே. என் அண்ணன் பையன் அந்த வாரம்தான் கொண்டாந்து இறக்கினான். "அத்தை, இனிமே நீ ஜன்னல்ல நின்னு கயித்தோட மல்லுக்கட்ட வேண்டாம்"னான்.

— அந்த வாரமா? அப்போ அன்னிக்குக் காலைல கயித்துல தொங்கின டவலு? நாலு வருஷமா தினமும் ஏழு மணிக்கு நீங்க தொங்கவிடற மூணு டவலு?

— காஞ்ச டவலுதான்டி. குழாயடியில நனைச்சு எடுத்துட்டு வந்து மாட்டுவேன், நீ ஜன்னலத் திறக்கணுமே.