அண்ணனுக்கும் ஒரு ஸ்கேன்

வடலூரிலிருந்து நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்புக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய அந்தக் கணவர் மடியில் ஸ்கேன் கவர். வடக்குத்து வந்தபோது அவர் சொன்ன ஒரு வார்த்தையில் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இந்த நோவு வந்ததும் ஒரு வகையில நல்லதுதான் மேரி."

"வாயக் கழுவுங்க. பொறந்ததிலேர்ந்தே வால்வுல மூணு இதழுக்கு ரெண்டுதானாம். இதயத்துலேர்ந்து கெளம்புற பெரிய ரத்தக்குழாயும் வீங்கிக்கினே போவுதாம். இதுல என்ன நல்லது?"

"கூடப் பொறந்தவங்களும் ஸ்கேன் பாக்கணும்னு டாக்டர் சொன்னாரே. அண்ணனுக்கு போன் பண்ண ஒரு காரணம் கெடச்சிடுச்சு."

"மைன்ஸுக்கு நெலம் எடுத்தப்ப வூட்டுக்கு ஒரு வேலைன்னாங்க. அதுல நீங்க பர்மனென்ட் ஆனீங்க, உங்க அண்ணன் காண்ட்ராக்ட்லயே நின்னுட்டாரு. பொண்ணு கல்யாணப் பத்திரிகையவே நமக்குத் தபால்ல அனுப்புனவரு, பேசுவாரா?"

"உடம்பு விசயம்னா பேசுவாரு."

நம்பரைத் தேடி எடுத்தார். அழுத்தாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பண்ணுங்களேன்."

"மாதா புண்ணியத்துல அவருக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது. ஆனா ஒண்ணுமில்லன்னு வந்துட்டா, அடுத்த தடவ எதச் சொல்லி போன் பண்றது?"

"உங்களுக்கு வருசா வருசம் ஸ்கேன் இருக்கில்ல? அதச் சொல்லுங்க."

அந்த அம்மாவே நம்பரை அழுத்தி, போனை அவர் காதில் வைத்தார்.