ஆனைக்குழியார் ஹென்றி வாத்தியார் வாசலில் உட்கார்ந்த விவரம்

1943-ம் வருஷம், தை மாதக் கடைசி. என் பெயர் பொன்னுரங்கம், தகப்பனார் பெயர் கன்னியப்பன். வயது நாற்பத்தெட்டு, என் குதிரைக்கு ஒன்பது; அதைக் கேட்கவில்லை என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் போலீஸ் ஏட்டையா சொன்னார். மயிலாப்பூரில் குடியிருந்து லஸ் முனையில் ஜட்கா ஓட்டுகிறேன். இரண்டாம் வகுப்போடு நின்றவன், கையெழுத்துப் போடுவேன்.

போன வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, சாந்தோம் ஹென்றி வாத்தியாரும் அவர் சம்சாரம் ஐரின் அம்மாளும் திருப்பத்தூருக்கு அப்பால், மலைகளுக்கு நடுவே ஆனைக்குழி என்ற பள்ளத்தாக்கில் போய்த் தங்கினார்கள். அங்கே மொத்தம் பதினொரு வீடு. பயம் தெளிந்து மார்கழியில் திரும்பினார்கள்.

இன்று காலை நான் சென்ட்ரலில் சவாரி இறக்கிவிட்டு நிற்கையில், சுமார் இருபது பேர் தலையில் சட்டிகளுடன் வந்து வாத்தியார் வீட்டுக்கு வழி கேட்டார்கள். அவர்களுக்குப் பெரியவர் சடையன் என்றும், கூட வந்த பெண் அவர் மகள் வெள்ளச்சி என்றும் தெரிந்துகொண்டேன். சட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டேன், ஆட்கள் பின்னால் நடந்தார்கள். வெள்ளச்சி மட்டும் தன் சட்டியைத் தரவில்லை. கூட்டத்துக்கு நான் தலைமை தாங்கியதாகப் புகாரில் கண்டிருப்பது தவறு. தலைமை தாங்கியது குதிரை.

வழியில் சடையன் சொன்னது யாதெனில், அவர்கள் ஊரில் விருந்தாளி புறப்படும்போது வீட்டுக்கு ஒரு உருண்டை சாமைக் களி தின்று, "போயிட்டு வரேன்" என்று சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்லாமல் போனவர் இன்னும் போகவில்லை என்றே கணக்கு. ஐரின் அம்மாள் புறப்படுவதற்கு முதல் நாளே தின்று சொல்லிக்கொண்டார். வாத்தியாரோ விடியுமுன் நழுவிவிட்டார். ஆகையால் இன்றுவரை வீட்டு முறை போட்டு அவருக்குச் சோறு வைக்கிறார்கள். ஊர் நாய் பெருத்துவிட்டது. ஊரில் இருக்கிற விருந்தாளி, கலியாணப் பந்தலில் முதலில் விரிக்கும் முன்பாயில் உட்காராமல் தாலி கட்டக் கூடாதாம். வெள்ளச்சியின் கலியாணம் அதனால் நிற்கிறது, தை கழிந்தால் மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்த்துவிடுவார்கள்.

அதன் பிறகு சாந்தோம் போய் வாசலில் உட்கார்ந்தார்கள். யாரும் கல் எறியவில்லை. வாத்தியார் கதவைத் தாளிட்டுக்கொண்டு, ஜன்னலுக்குப் பின்னாலிருந்து, "பொன்னுரங்கம்! நான் இல்லேன்னு சொல்லு!" என்று கத்தினார்.

"அதான் தெரியுமே, அவரு எங்க ஊர்லதானே இருக்காரு" என்றார் சடையன்.

நான், "இன்னா வாத்தியாரே, பதினோரு உருண்டைக்கா இப்டி பயந்துக்கினு கீறீங்க? இத்துக்கு அந்தக் குண்டே தேவலை!" என்றேன். நான் கலகம் தூண்டியதாகச் சொல்லப்படும் பேச்சு இவ்வளவுதான்.

அதன் பிறகு வாத்தியார் பின்சுவர் ஏறிக் குதித்துப் புகார் கொடுக்க, யுத்தகாலத்தில் கூடாத கூட்டம் என்று எங்களைச் சட்டிகளோடு இந்த ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். சட்டியில் இருப்பது வெடிமருந்தா என்று பார்க்க ஏட்டையா ஒரு உருண்டையை வாயில் போட்டார். சந்தேகம் தீராமல் இன்னொன்றும் போட்டார்.

அதன் பிறகு ஐரின் அம்மாள் வந்து, புருஷனிடம் ரகசியமாக, ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி, "ஜுரத்துல கிடந்தப்போ உங்களுக்குக் கஞ்சி ஊட்டினவ அந்தப் பொண்ணு. முழுங்குங்க" என்றார். வாத்தியார் சிலுவை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக விழுங்கி, ஒவ்வொரு வீட்டாரிடமும் சொல்லிக்கொண்டார். கடைசியாக வெள்ளச்சியின் சட்டி. அதில் அவள் வெல்லம் போட்டிருந்தாள். "இதை முதல்லயே குடுத்திருக்கலாமேம்மா" என்றார் வாத்தியார். புகாரையும் வாபஸ் வாங்கினார்.

ஆனாலும் ஆனைக்குழியார் ஸ்டேஷன் வராந்தாவை விட்டு எழுந்திருக்கவில்லை. களி தின்ற ஏட்டையாவும் இப்போது விருந்தாளி. அவர் இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை. சாயங்கால ரயிலுக்கு நேரமாகிறது. சர்க்கார் உத்தியோகஸ்தன் பிடித்து வந்தவர்களிடம் விடைபெற விதியில்லை என்றார் ஏட்டையா. அப்படியானால் கலியாணத்துக்கு லீவு எழுதிப் போடுங்கள், முன்பாய் காத்திருக்கிறது என்றேன்.

ஏட்டையா பேனாவை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனார். "போயிட்டு வரேன், போயிட்டு வரேன்" என்று அவர் வரிசையாகச் சொல்லிவந்தது இங்கே கேட்டது. வெள்ளச்சி சிரித்ததும் கேட்டது. திரும்பி வந்துதான் இந்த வரியை எழுதுகிறார். உருண்டைச் சங்கதியை அடித்துவிடலாமா என்று கேட்டார். நான் சம்மதிக்கவில்லை.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் ஒரு உருண்டைகூட இல்லை. போயிட்டு வரேன், ஏட்டையா.

(ஒப்பம்) க. பொன்னுரங்கம்