இருபது நிமிடம்

எஞ்சினைத் துடைக்கப் பழைய பனியன் துணிதான் சரி. புதுத் துணி நூல் விடும். அந்த நூல் எண்ணெய் போகும் துளையில் அடைத்துக்கொள்ளும். இதை எனக்குச் சொன்னவர் என் அண்ணன், பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவர். அவர் சொன்ன நல்லதை நான் மறைக்கப் போவதில்லை ஐயா. நீங்கள் கேட்டபடி, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

நான் அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவன். வீட்டில் எனக்குப் பெயர் ‘அரைவேலை’. அண்ணன் வைத்தது. கதவில்லாத அலமாரி, ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசிய ஜன்னல் என்று அதற்குச் சாட்சிகளும் உண்டு. அவை ஏன் பாதியில் நின்றன என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. நான் சுத்தியலை எடுத்தால் போதும், வந்து நிற்பார். “தள்ளுடா, நான் அடிக்கிறேன்” என்பார். தள்ளிக்கொள்வேன். இரண்டு ஆணி அடித்ததும் அவருக்கு வேறு வேலை வந்துவிடும்.

கார் மட்டும் என்னுடையது. அதற்கு வேகம் கூட்டும் கேம்ஷாஃப்ட் ஒரு ஜோடி வாங்கினேன். வால்வு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தத் தண்டுதான். அதைச் சுழற்றும் பெல்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டினாலும் போச்சு, பிஸ்டன் மேலே வந்து வால்வை இடித்துவிடும்.

முதல் முறை பற்களை எண்ணிக்கொண்டிருந்தபோது அண்ணன் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். “சாப்பிட வாடா, ஆறிப்போகுது.” எண்ணிக்கை தவறியது. கிளப்பியதும் எட்டு வால்வுகள் வளைந்தன. அன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னார்: “பல்லு எண்ணத் தெரியல இவனுக்கு. வாயில எத்தனை இருக்குன்னு கேளுங்க, அதையும் பாதியில விட்டுருவான்.” அண்ணி சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். எனக்கு அவ்வளவு ஆத்திரம். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வால்வுகளை மாற்றி மறுபடி ஆரம்பித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பாகை குறித்த வட்டத்தை முன்னால் மாட்டி, ஊசியை வைத்து, ஒவ்வொரு தண்டாகக் கோணம் பார்த்தேன். எஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். எங்கும் இடிக்கவில்லை.

புது கேம் போட்டால் ஒரு விதி உண்டு. முதல் தடவை கிளப்பும்போது இருபது நிமிடம் நிறுத்தாமல், வேகத்தைக் குறைக்காமல் ஓடவிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் தண்டு தேய்ந்து கெட்டுவிடும். எந்தப் பழைய பட்டறையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

காலை பத்தேகாலுக்குச் சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்துக்கொண்டது. சத்தம் அவ்வளவு சுத்தம். பானெட்டுக்கு அடியில் கையை விட்டு ஆக்சிலேட்டர் கம்பியை இழுத்துப் பிடித்தபடி நின்றேன். என் வாழ்க்கையில் ஒரு வேலை முடியப் போகிறது என்று சந்தோஷமாக இருந்தது.

நான்காவது நிமிடத்தில் அண்ணன் வந்தார். வராமல் இருப்பாரா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்தார். ஸ்பேனர்கள் இருந்த தட்டு கவிழ்ந்தது. அப்படியே என் காலடியில் சரிந்தார். எஞ்சின் சத்தத்தில் அவர் சொன்னது காதில் விழவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். “நிறுத்துடா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

கடிகாரத்தைப் பார்த்தேன். பதினாறு நிமிடம் மீதி இருந்தது.

அண்ணியைக் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். கூப்பிட்டிருந்தால் அவர் ஓடிவந்து முதல் வேலையாகச் சாவியைத் திருப்பியிருப்பார். நான் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரு கையால் பனியன் துணியைச் சுருட்டி அவர் தலைக்குக் கீழே வைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பத்தாவது நிமிடம் வரை என் கால்சட்டையின் நுனியைப் பிடித்திருந்தார். அப்புறம் பிடி தளர்ந்தது. பத்து முப்பத்தைந்துக்கு எஞ்சினை நிறுத்தினேன். அதன் பிறகு அண்ணியைக் கூப்பிட்டேன்.

கேம்ஷாஃப்ட் பெட்டியோடு வந்த தாளை இப்போது என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். இந்த வகை எஞ்சினுக்கு அந்த இருபது நிமிடம் தேவையில்லை என்று நான்காவது வரியிலேயே போட்டிருக்கிறது. அதை நான் படிக்காமல் விட்டிருக்கலாம் என்று நீங்களே எனக்கு ஒரு வழி காட்டுகிறீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் இதையாவது நான் முழுதாகச் செய்ய வேண்டும்.

அந்தத் தாளை நான் படிக்கவில்லை என்பது உண்மைதான். அன்று காலை ஒன்பதரைக்கு அண்ணன் ஷெட் வாசலில் நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த வரியை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். “நடுவுல எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்டா” என்று இரண்டு தடவை சொன்னார்.